மழைக்காலத்தில் ஊர்வன தேடுதல்
மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் ஒரு பருவத்தின் பாடம்

பாம்பு, பல்லி, ஓணான், அரணை, உடும்பு, ஆமை, முதலை ஆகிய பிராணிகளை ஊர்வன என்னும் ஒரே வகுப்பில் அடக்குதல் விலங்கியல் மரபு. இவற்றுள் பாம்புகளில் மட்டும் 300க்கு மேற்பட்ட இனங்கள் நம் நாட்டில் அறியப்பட்டுள்ளன. பறவை கூவித் தன் இருப்பை அறிவிக்கும். யானையும் மானும் அடிச்சுவட்டையும் எச்சத்தையும் விட்டுச் செல்லும். பாம்போ குரல் கொடுத்துத் தன் இனத்தை அழைப்பதில்லை. நாளின் பெரும்பகுதியை வளையிலும் சருகின் அடியிலும் அசைவின்றிக் கழிக்கிறது. ஆகவே ஒரு காட்டில் எவ்வெப் பாம்புகள் வாழ்கின்றன என்பதை அறிய முறையான தேடல் வேண்டும்.

தேடல் என்றவுடன் பாம்பைப் பிடிப்பது பலருக்கு நினைவு வரலாம். இக்கட்டுரை கூறும் தேடலில் பிடித்தலுக்கு இடமில்லை. காணுதல், குறித்தல், அளவிடுதல் ஆகிய மூன்றுமே இதன் பகுதிகள். இவற்றுள் மூன்றாவது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. எத்தனை பிராணிகளைக் கண்டோம் என்பதோடு, எவ்வளவு நேரம், எத்தனை பேர், எவ்விடத்தில் தேடினோம் என்பதையும் எழுதினாலன்றி அப்பதிவு பிறருக்குப் பயன்படாது. ஒன்றும் காணாத இரவும் எழுதப்பட வேண்டிய இரவே. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேடலின் பயன்

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் மக்கள் இறந்தனர் என்று 2020இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 உயிர்கள் என்பது இதன் பொருள். இவ்விறப்புகளில் மிகப் பெரும்பாலானவை கிராமப் புறங்களில் நிகழ்ந்தன. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பருவமழை மாதங்களில் அவை உச்சத்தை அடைந்தன. இவ்விறப்புகளை 2030ஆம் ஆண்டிற்குள் பாதியாகக் குறைத்தல் வேண்டும் என்னும் குறிக்கோளுடன் மத்திய அரசு 2024 மார்ச்சில் தேசியச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது.

நம் நாட்டில் வழங்கும் நஞ்சுமுறி மருந்து நான்கு பாம்புகளின் நஞ்சைக் கொண்டு தயாரிக்கப்படுகிறது. அவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்பன. இந்நான்கும் அல்லாத நச்சுப் பாம்பு கடித்தவிடத்து இம்மருந்து பயன் தராமற் போகக்கூடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளிலும் தோட்டங்களிலும் சிறிய குழிவிரியன் ஒன்று உண்டு. அதன் மூக்கு நுனி மேல்நோக்கி மேடிட்டிருத்தலால் அதனை மேட்டுமூக்குக் குழிவிரியன் எனலாம். விஞ்ஞானப் பெயர் ஹிப்னேல் ஹிப்னேல். இது நெடுங்காலம் பெருந்தீங்கு செய்யாத பாம்பாகவே கருதப்பட்டு வந்தது. கேரளத்தில் இப்பாம்பின் கடி, குருதி உறைதலைக் கெடுத்துச் சிறுநீரகத்தையும் செயலிழக்கச் செய்து, உயிருக்கே ஆபத்து விளைவிக்கும் என்பதை 2007இல் வெளியான மருத்துவ ஆய்வொன்று உறுதிப்படுத்திற்று. அங்கு இது சுருட்டை விரியன் எனத் தவறாக அடையாளம் காணப்பட்டு வந்ததும், வழக்கமான நஞ்சுமுறி மருந்து இதன் நஞ்சினை முறிக்காததும் அவ்வாய்விலேயே தெளிவாயின.

சுருட்டை விரியன் பெரும்பாலும் வறண்ட, திறந்த நிலங்களில் வாழ்வது. மேட்டுமூக்குக் குழிவிரியன் ஈரமான சருகுக்காடுகளில் வாழ்வது. எந்தப் பாம்பு எந்த நிலத்தில், எந்த மாதத்தில் காணப்படுகிறது என்னும் பதிவு ஒவ்வொரு வட்டத்திலும் சரியாக இருக்குமாயின், மருத்துவர் ஐயுறுவதற்கு அது வழிகாட்டும். வனக்காவலர் ஒருவரின் குறிப்பேட்டிலுள்ள ஒரு வரி மருத்துவமனையின் கட்டிலருகே பயன்படுதல் இவ்வாறே.

இடமும் காலநிலையும்

மேற்குத் தொடர்ச்சி மலை, தபதி ஆற்றுப் பள்ளத்தாக்கின் அருகிலிருந்து கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. ஜூன் மாதத்தில் அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று இம்மலையில் மோதி மேலெழுந்து குளிர்வதால் மேற்குச் சரிவில் பெருமழை பொழிகிறது. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்திலுள்ள ஆகும்பே, மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்திலுள்ள அம்போலி ஆகிய ஊர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 மில்லிமீட்டர் மழை பெறுவன. இவ்வூர்களைச் சூழ்ந்த காடுகள் ஊர்வனவற்றிற்குப் பெயர் பெற்றவை. ஆகும்பேயில் 2005இல் மழைக்காட்டு ஆராய்ச்சி நிலையம் ஒன்று ரோமுலஸ் விட்டேக்கர் என்பவரால் நிறுவப்பட்டது. இராஜநாகத்தின் வாழ்க்கைமுறை அங்கு ஆராயப்பட்டு வருகிறது.

ஊர்வன தம் உடல்வெப்பத்தைப் பெரும்பாலும் சூழலிலிருந்தே பெறுகின்றன. இதனால் பழைய நூல்கள் இவற்றைக் குளிர் இரத்தப் பிராணிகள் என்றன. வெயிலில் கிடக்கும் ஓணானின் இரத்தம் குளிர்ந்திருப்பதில்லையாதலால், புறவெப்பத்தைச் சார்ந்த பிராணிகள் என்பதே பொருத்தமான பெயர். வெப்பமும் ஈரமும் மாறுந்தோறும் இவற்றின் நடமாட்டமும் மாறுகிறது. ஆகையால் ஒரே காட்டைக் கோடையில் மட்டும் பார்த்தவரும் மழையில் மட்டும் பார்த்தவரும் வெவ்வேறு பட்டியல்களையே எழுதுவர். ஒரு பருவம் முழுவதும் தொடர்ந்து தேடுதல் இன்றியமையாதது என்பதற்கு இதுவே காரணம்.

பருவத்தின் நான்கு கட்டங்கள்

முதற் கட்டம் மழைக்கு முந்திய மார்ச்சு முதல் மே வரையிலான காலம். நிலம் காய்ந்திருக்கும், பாம்புகள் ஈரம் உள்ள ஓடைக் கரைகளையும் மர வேர்களின் இடுக்குகளையும் நாடும். இராஜநாகம் இணைசேர்வதும் கூடு அமைப்பதும் இக்காலத்தில் நிகழ்கின்றன. பாம்புகளில் சருகைக் குவித்துக் கூடு கட்டுவது இது ஒன்றே. பெண் பாம்பு தன் உடலை வளைத்துச் சருகுகளை இழுத்துக் குவித்து, அதனுள் முட்டையிட்டுக் காவல் இருக்கிறது. குஞ்சுகள் ஏறத்தாழ இரண்டு மூன்று மாதங்களில், மழை நன்கு பிடித்த பின் வெளிவருகின்றன. அதற்குச் சற்று முன்பே தாய் கூட்டை விட்டு நீங்கி விடுகிறது. கூடு கண்ட ஊழியர் அதன் அருகே செல்லாமல் இடத்தைக் குறித்து, அவ்வழியே விறகுக்கும் மேய்ச்சலுக்கும் செல்வோரை எச்சரித்தல் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் இராஜநாகம் 2024இல் ஒஃபியோபாகஸ் காளிங்கா என்னும் தனி இனமாகப் பிரித்து விவரிக்கப்பட்டது. கன்னட நாட்டார் வழங்கும் காளிங்கம் என்னும் பெயரே விஞ்ஞானப் பெயராயிற்று.

இரண்டாங் கட்டம் மழை தொடங்கும் ஜூன் மாதம். மண் நனைந்தவுடன் மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகள் மேலே வருகின்றன. இக்குடும்பம் தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் அன்றி உலகில் வேறெங்கும் இல்லை. கூரிய தலையால் மண்ணைத் துளைத்து மண்புழுவைத் தின்று வாழும் இவை நஞ்சற்றவை. வால் நுனி தேய்ந்த கேடயம் போன்றிருப்பதால் இரண்டு தலைகள் உள்ளன என்று மக்கள் பிழைபட எண்ணுவதுண்டு. முதல் மழைகளின்போது சாலையைக் கடக்கையில் இவை பெருந்தொகையில் நசுங்கி இறக்கின்றன. அவ்வுடல்களும் பதிவுக்கு உரியவையே.

மூன்றாங் கட்டம் கனமழை பொழியும் ஜூலை, ஆகஸ்டு மாதங்கள். தவளைகள் ஓடைதோறும் கூடுகின்றன. அவற்றை உண்ணும் பாம்புகளும் அங்கு வருகின்றன. மலபார்க் குழிவிரியன் ஓடையோரத்துத் தாழ்ந்த கிளைகளிலும் பாறைகளிலும் இரவில் அசையாமல் காத்திருக்கும். பச்சை, மஞ்சள், பழுப்பு, செம்மஞ்சள் எனப் பல நிறங்களில் ஒரே இனம் தோன்றுவதால் நிறத்தைக் கொண்டு மட்டும் இதனை அடையாளம் காணுதல் இயலாது. ஒரே கிளையில் பல நாட்கள் தங்கவும் கூடும். ஆதலின் இரண்டு இரவுகளில் ஒரே இடத்திற் கண்ட பாம்பை இரண்டு பாம்புகளாக எண்ணிவிடுதல் எளிது. மரம், கிளையின் உயரம், உடலின் குறிகள் ஆகியவற்றை எழுதி வைத்தலே இப்பிழையைத் தடுக்கும்.

நான்காங் கட்டம் மழை தளரும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. இளவெயில் மீண்டும் விழுவதால் பகலில் இயங்கும் ஓணான்களும் அரணைகளும் வெயில் காய வெளிவருகின்றன. பாக்குத் தோட்டங்களில் பறக்கும் ஓணானைக் காண்பது எளிது. விலா எலும்புகள் தாங்கும் தோற்சவ்வை விரித்து மரத்திலிருந்து மரத்திற்கு இது சறுக்கிச் செல்கிறது. உண்மையில் இது பறப்பதன்று, சறுக்கி இறங்குவதேயாகும். பெண் ஓணான் தரைக்கு வருவது பெரும்பாலும் மண்ணில் முட்டையிடுதற்கே. பாக்கு மரத்தின் பட்டையோடு ஒன்றியிருக்கும் இப்பிராணியை, ஆண் தன் தாடையின் கீழுள்ள மஞ்சள் மடலை விரித்துக் காட்டும்போது கண்டுகொள்ளலாம்.

தேடும் முறைகள்

கள ஊழியர்க்கு ஏற்ற முறைகள் மூன்று.

முதலாவது, காலவரையறையுடைய கண்காணிப்பு. இருவர் அல்லது மூவர் கொண்ட குழு, முன்பே தேர்ந்த பாதையில் குறித்த நேரம் மெதுவாக நடந்து இருபுறமும் பார்த்தல் இதுவாகும். இரவில் 7 மணி முதல் 9 மணி வரை என்று வைத்துக்கொண்டால் பருவம் முழுவதும் அதனை மாற்றலாகாது. கைவிளக்கைக் கண்ணின் மட்டத்தில் பிடித்தால் பல்லியின் கண்கள் ஒளிர்வதைக் காணலாம். பாம்பின் கண் அவ்வளவு ஒளிர்வதில்லை. செதில்களின் பளபளப்பையும் கிளையினின்று வேறுபட்ட வளைவையும் கொண்டே அதனைக் கண்டறிய வேண்டும்.

இரண்டாவது, சதுர முறை. காட்டுத் தரையில் ஐந்து மீட்டர் பக்கமுள்ள சதுரத்தைக் கயிற்றால் வகுத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நீண்ட கோலால் சருகை விலக்கிப் பார்த்தல். கையால் சருகைக் கிளறுதல் கூடாது. பார்த்த பின் சருகையும் கல்லையும் மரத்துண்டையும் இருந்தவாறே திரும்ப வைத்தல் வேண்டும். புரட்டிய கல்லை அப்படியே விட்டுச் சென்றால் அதனடியிலிருந்த ஈரம் உலர்ந்து, முட்டைகளும் சிறு பிராணிகளும் அழியும். ஆராய வந்தவரே ஆராயும் பொருளைக் கெடுத்தவராவர்.

மூன்றாவது, சாலைப் பார்வை. காட்டு வழியே செல்லும் சாலையின் குறித்ததொரு பகுதியை வாரத்தில் ஒரு நாள் விடியலில் நடந்து, உயிருள்ளவற்றையும் வண்டியில் அடிபட்டு இறந்தவற்றையும் குறித்தல். பல ஆண்டுப் பதிவுகள் சேர்ந்தால், எந்த வளைவில், எந்த வாரத்தில் இறப்பு மிகுதி என்பது தெளிவாகும். அவ்விடத்தில் இரவுப் போக்குவரத்தின் வேகத்தைக் குறைக்கக் கோருதற்கு அது தக்க ஆதாரமாகும்.

இம்மூன்றோடு, ஊர் மக்களிடம் கேட்டறிதலும் ஒரு முறையே. காட்டில் வாழ்வோர் தம் மொழியில் வழங்கும் பெயரை அவ்வாறே எழுதி, அப்பெயரால் அவர்கள் குறிப்பது யாது என்பதைப் படத்தைக் காட்டிக் கேட்டுக் குறித்தல் வேண்டும். ஒரே பெயர் இரண்டு ஊர்களில் இரண்டு பாம்புகளைக் குறித்தல் உண்டு.

பதிவேடும் கணக்கும்

ஒவ்வொரு தேடலுக்கும் கீழ்க்காண்பவற்றை அன்றன்றே எழுதுதல் வேண்டும்.

1. தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம்.
2. இடத்தின் பெயர், உயரம், இயன்றால் அட்சரேகை, தீர்க்கரேகை.
3. தேடியவர் எண்ணிக்கை.
4. மழை, காற்று, வெப்பநிலை, நிலவொளி.
5. நிலத்தின் வகை: ஓடை, காடு, புல்வெளி, தோட்டம், சாலை.
6. கண்ட பிராணி, அதன் நிலை, தரையிலிருந்து உயரம், செய்துகொண்டிருந்த செயல்.
7. புகைப்படத்தின் எண்.
8. ஒன்றும் காணாதவிடத்து, “இல்லை” என்னும் சொல்.

எட்டாவது வரியை வெறுமையாக விடலாகாது. வெற்றிடம், தேடிக் காணாததையும் குறிக்கலாம். தேடவே இல்லை என்பதையும் குறிக்கலாம். பின்னர் படிப்பவர்க்கு இவ்விரண்டையும் வேறுபடுத்த வழியில்லை.

தேடலின் அளவை ஆள்மணி என்னும் அலகால் கூறுவர். எடுத்துக்காட்டாக, ஒரு குழுவில் மூவர் இரண்டு மணி நேரம் நான்கு இரவுகள் தேடி ஆறு குழிவிரியன்களைக் கண்டனர் எனக் கொள்வோம். அவர்களின் உழைப்பு 3 × 2 × 4 = 24 ஆள்மணி; ஓர் ஆள்மணிக்கு 0.25 பாம்பு. மற்றொரு குழுவில் இருவர் மூன்று மணி நேரம் ஒரே இரவு தேடி மூன்று பாம்புகளைக் கண்டனர் எனில், உழைப்பு 6 ஆள்மணி. ஓர் ஆள்மணிக்கு 0.5 பாம்பு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் முதற் குழுவின் காடே வளமுடையது எனத் தோன்றும். உழைப்பால் வகுத்தபின் இரண்டாவது காட்டின் வீதம் இருமடங்காகிறது. எனினும் ஓர் இரவின் கணக்கைக் கொண்டு முடிவு கூறுதல் தகாது. அவ்விரவு மழை நின்ற நல்ல இரவாக இருந்திருக்கலாம்.

இனி, காணாமையின் கணக்கைப் பார்ப்போம். ஒரு பாம்பு அக்காட்டில் உண்மையாகவே உள்ளது; ஓர் இரவுத் தேடலில் அது கண்ணிற் படும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவில் அதனைக் காணாமற் போகும் வாய்ப்பு நான்கில் மூன்று, அதாவது நூற்றுக்கு 75. நான்கு இரவுகளும் தொடர்ந்து காணாமற் போகும் வாய்ப்பு, 0.75ஐ நான்கு முறை பெருக்கினால் கிடைக்கும்; அது நூற்றுக்கு ஏறத்தாழ 32. எட்டு இரவுகளில் அது நூற்றுக்கு 10. பதினோர் இரவுகளில் நூற்றுக்கு 4. ஆகவே, நான்கு இரவு தேடிவிட்டு “இங்கு இப்பாம்பு இல்லை” என்று எழுதுபவர் மூன்றில் ஒரு பங்கு பிழைபட வாய்ப்புண்டு. பதினோர் இரவுகள் தேடி ஒவ்வோர் இரவும் “இல்லை” என்று எழுதியவரின் சொல்லுக்கு வலிமை மிகுதி. இரவுகள் ஒன்றையொன்று சாராதவை, வாய்ப்பும் மாறாதது என்ற கொள்கையின் மேல் எழுந்த கணக்கு இது. காட்டில் மழைக்கும் நிலவுக்கும் ஏற்ப வாய்ப்பு மாறும். நான்காவது வரியில் வானிலையை எழுதச் சொன்னதன் காரணம் இதுவே.

பிரம்பு ஆமை தரும் படிப்பினை

காணாமையை இல்லாமை எனக் கொள்ளலாகாது என்பதற்கு மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே நல்ல சான்று உண்டு. கொச்சி நாட்டுக் காடுகளிலிருந்து கிடைத்த சிறிய ஆமை ஒன்றை ஹெண்டர்சன் என்னும் விலங்கியலார் 1912இல் புதிய இனமாக விவரித்தார். அதன் பின் ஏறத்தாழ 70 ஆண்டுகள் விஞ்ஞானிகளின் கண்ணில் அது படவில்லை. அருங்காட்சியகத்திலுள்ள மாதிரியைத் தவிர அதனைப் பற்றி அறிதற்கு வேறு வழியில்லாதிருந்தது.

சென்னையைச் சார்ந்து பணியாற்றிய ஜெ. விஜயா என்னும் இளம் ஆராய்ச்சியாளர் 1982இல் கேரளக் காடுகளில் இதனை மீண்டும் கண்டறிந்தார். இந்தியாவின் முதற் பெண் ஊர்வன ஆராய்ச்சியாளர் என இவர் போற்றப்படுகிறார். காட்டிலேயே தங்கித் தேடிய இவருக்கு அங்கு வாழும் காடர் மக்கள் துணை நின்றனர். அவ்வாமை காட்டை விட்டு எங்கும் போய்விடவில்லை. பசுமைமாறாக் காட்டின் சருகுக்கடியில் அது வாழ்ந்துகொண்டே இருந்தது. விஜயா 1987இல் இளம் வயதிலேயே காலமானார். இவ்வாமையின் பேரினத்திற்கு 2006இல் விஜயசெலிஸ் என்று அவர் பெயரையே சூட்டினர்.

இதனால் நாம் அறிவன இரண்டு. சருகின் நிறமுடைய சிறு பிராணியை அவ்விடத்திலேயே தங்கிப் பல நாள் தேடினாலன்றிக் காண முடியாது என்பது ஒன்று. விஞ்ஞான நூல்கள் அறியாத பிராணியைக் காட்டு மக்கள் அறிந்திருக்கக்கூடும் என்பது மற்றொன்று.

அடையாளம் காணுதல்

களத்தில் நேரும் குழப்பங்களில் இரண்டை மட்டும் இங்குக் கூறுவோம்.

கட்டுவிரியன், வெள்ளிக்கோல் வரையன் ஆகிய இரண்டும் கரிய அல்லது பழுப்பு நிற உடலில் வெண்பட்டைகள் உடையவை. முன்னது கொடிய நஞ்சுடையது. பின்னது நஞ்சற்றது, வீடுகளில் பல்லியைத் தேடி வருவது. வெள்ளிக்கோல் வரையனில் பட்டைகள் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வாலை நோக்கி மங்குவது வழக்கம். கட்டுவிரியனில் முன்னுடலில் பட்டைகள் மங்கியோ இல்லாமலோ இருந்து, பின்னுடலில் தெளிவாகத் தோன்றும்; முதுகின் நடுவரிசைச் செதில்கள் பெரியனவாய் அறுகோண வடிவில் இருக்கும். பட்டைகள் ஒவ்வொரு பாம்பிலும் வேறுபடுமாதலால் செதிலே உறுதியான அடையாளம். அதனைப் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து அறிதல் வேண்டும்; பாம்பின் அருகிற் குனிந்து பார்த்து அறிதல் கூடாது.

மேட்டுமூக்குக் குழிவிரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் உள்ள வேறுபாடு அடுத்தது. முன்னதன் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையில் வெப்பத்தை உணரும் குழி ஒன்று உண்டு. பின்னதில் அக்குழி இல்லை. முன்னதன் உச்சந்தலையில் பெரிய தகடுகள் உள்ளன. பின்னதன் தலை முழுவதும் சிறு செதில்களே. சுருட்டை விரியன் அச்சுற்றால் உடலை மடித்து மடித்துத் தேய்த்து அரம் தேய்ப்பது போன்ற ஒலி எழுப்பும்.

ஐயம் நீங்காதவிடத்து “குழிவிரியன், இனம் தெரியவில்லை” என்று எழுதுதலே நேர்மை. தவறான பெயர் ஒன்று பட்டியலில் ஏறிவிட்டால் அதனை நீக்குதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

பாதுகாப்பும் சட்டமும்

முழங்கால் வரையிலான காலணி, நல்ல ஒளியுள்ள கைவிளக்கு ஆள் ஒன்றுக்கு இரண்டு, நீண்ட கோல் ஆகியன இன்றி இரவில் புறப்படலாகாது. தனியே செல்லலாகாது. கிளையைப் பிடிக்குமுன்னும் பாறையில் அமருமுன்னும் ஒளி பாய்ச்சிப் பார்த்தல் வேண்டும். பாம்புக்கும் நமக்கும் இடையே குறைந்தது அதன் நீளத்தைப் போல் இருமடங்கு தொலைவு இருக்கட்டும். அருகிலுள்ள எந்த மருத்துவமனையில் நஞ்சுமுறி மருந்து உள்ளது என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே கேட்டறிந்து, குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுதி வைக்க.

கடி நேர்ந்தால், கடியுண்டவரை அமைதியாகக் கிடத்தி, கடிபட்ட உறுப்பை எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல் மட்டை வைத்து அசையாமற் செய்து, மோதிரம், காப்பு முதலியவற்றை அகற்றி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். இறுகக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல், பச்சிலை தேடிக் காலங் கழித்தல் ஆகிய யாவும் தீங்கு விளைப்பன. கட்டுவிரியன் கடியில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. ஆகவே வலியின்மையை நம்பிக் காலந்தாழ்த்தலாகாது. பாம்பைக் கொல்லவோ பிடிக்கவோ முயல்வது இரண்டாவது கடிக்கே வழி.

பாம்புகளும் பிற ஊர்வனவும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலுக்கு உட்பட்டவை. அதன் அட்டவணைகள் 2022ஆம் ஆண்டின் திருத்தத்தால் மாற்றி அமைக்கப்பட்டன. ஆராய்ச்சிக்காகப் பிடித்தலுக்கு உரிய அனுமதி வேண்டும். ஆர்வம் மட்டும் அனுமதியாகாது. அரிய பிராணி கிடைத்த இடத்தை நுட்பமாகப் பொதுமக்களிடையே வெளியிடுதலும் ஆபத்தானது. நட்சத்திர ஆமையும் மண்ணுளிப் பாம்பும் கள்ள வாணிகத்தால் துன்புறுவன. சரியான இடக்குறிப்பு துறையின் பதிவேட்டில் இருக்கட்டும். வெளியே மாவட்டப் பெயர் போதும்.

பள்ளியில் செய்யத்தக்கவை

மாணவரை இரவில் பாம்பு தேட அழைத்துச் செல்லுதல் கூடாது. ஆயினும் இப்பாடத்தின் சாரத்தைப் பள்ளிச் சுவரிலேயே கற்பிக்கலாம். பள்ளி வளாகத்தில் பத்து நாட்கள், நாளும் காலை ஒரே நேரத்தில், பதினைந்து நிமிடம் ஓணான்களை எண்ணச் செய்க. வெயில் நாள், மேக மூட்டமான நாள், மழை நாள் என எண்ணிக்கையைப் பிரித்து எழுதினால், புறவெப்பத்தைச் சார்ந்த பிராணியின் இயல்பு தானே விளங்கும். இரு குழுக்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தை எண்ணித் தம் கணக்குகளை ஒப்பிட்டால், நோக்குபவருக்கு நோக்குபவர் வேறுபாடு உண்டு என்பதும் தெரியும்.

பாம்புச் சட்டை கிடைப்பின் அது நல்ல பாடப்பொருள். அதனை நேரே கையால் தொடாமல், இடுக்கியால் எடுத்துத் தாளில் பரப்பி, முதுகுச் செதில்களுக்கும் வயிற்றுத் தகடுகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டலாம். பாம்புக்கு இமை இல்லை; கண்ணை மூடிய தெளிந்த செதிலும் சட்டையோடு கழன்றிருப்பதை மாணவர் காண்பர். பாம்பு பால் குடிக்கும், மகுடியின் இசையைக் கேட்டு ஆடும் என்னும் நம்பிக்கைகளை இகழாமல் வினாவாக மாற்றி ஆராய்தல் நன்று. மகுடியை அசைக்காமல் ஊதினால் பாம்பு ஆடுமா என்று கேட்டாலே மாணவர் சிந்திக்கத் தொடங்குவர்.

முடிவுரை

ஒரு பருவத்தின் முடிவில் கள ஊழியரின் கையில் எஞ்சுவது ஒரு குறிப்பேடு. அதில் இராஜநாகம் ஒன்றேனும் இடம்பெற்றிருந்தால் மகிழ்ச்சியே. ஆனால் நனைந்த தாளில் தேதியும் நேரமும் வானிலையும் எழுதி, “இல்லை” என்று முடித்த வரிகள் அதனினும் குறைந்த மதிப்புடையன அல்ல. பத்தாண்டுகள் கழித்து அதே பாதையில் நடப்பவர் ஒருவர், காடு வளர்ந்ததா தேய்ந்ததா என்பதை அவ்வரிகளைக் கொண்டே அளந்தறிவார். ஆகவே, குறிப்பேட்டின் ஒரு படியை வட்ட அலுவலகத்தில் சேர்த்து வைத்தலோடுதான் ஒரு பருவத்தின் பணி நிறைவு பெறுகிறது.

வகுப்பறைக்குரிய வினாக்கள்

1. “காணவில்லை” என்பதற்கும் “இல்லை” என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிரம்பு ஆமையைச் சான்றாகக் கொண்டு விளக்குக.
2. ஓர் இரவில் காணும் வாய்ப்பு இரண்டில் ஒன்று எனில், ஐந்து இரவுகளும் காணாமற் போகும் வாய்ப்பு யாது?
3. நால்வர் ஒன்றரை மணி நேரம் மூன்று இரவுகள் தேடினர். அவர்களின் உழைப்பை ஆள்மணியில் கூறுக.
4. உங்கள் ஊரில் ஊர்வனவற்றிற்கு வழங்கும் பெயர்களைத் திரட்டி, ஒரே பெயர் இரண்டு பிராணிகளைக் குறித்தல் உண்டா என ஆராய்க.